விடிய விடிய ஆடிய கூத்து, இரண்டு மணி நேர மண்டபத்துக்குள்

பத்து காஜா: இங்கிருந்து காரில் கிளம்பினால் சிறிது நேரத்தில் ஸ்ரீ இஸ்கண்டார் வந்துவிடும். அங்கே பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். தெற்கே கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம். மாநிலத்தின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922-ல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அந்த இடத்தில் இன்று இசைக்கும் நிகழ்கலைக்கும் தனிப் புலமே இருக்கிறது. பிள்ளைகளின் மேடை நிகழ்ச்சியைப் பார்க்க, கிந்தா பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை.

பல்கலைக்கழகங்களில் நம் மாணவர்கள் நடத்தும் கலை இரவுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. குத்துவிளக்கு, பரதம், பாட்டு, உறுமி அல்லது பறை, இடையில் ஒரு நாடகம். அந்த நாடகத்தில் தோட்டத்து வாழ்க்கையோ, தாத்தா பாட்டி பார்த்த கூத்தோ தலைகாட்டும். வந்திருக்கும் பெரியவர்களில் சிலர் கண் கலங்குவார்கள். வேறு சிலர், “இதுவா கூத்து? நாங்கள் பார்த்தது விடியும்வரை நடக்குமே” என்பார்கள்.

இரண்டாவது தரப்பின் குறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விடியும்வரை நடந்த ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவரும்போது எதை வெட்டுவது, யார் வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. இந்தக் கேள்விக்கு ஒரு தமிழ்ப் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டார்கள். அது நடந்தது இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில். அங்கே போவதற்கு முன், இங்கே என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

தோட்டத்தில் இருந்த மேடை

பத்து காஜா வட்டாரத்தை ஈயமும் ரப்பரும் வளர்த்தன. சாலையோரம் நிற்கும் கெல்லி கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயில்வரை நடந்து போகிறவர்கள் குறைவு. அதன் மேல்தளத்துச் சிலைகளுக்கிடையே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவர் ஸ்மித்தேதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கோட்டை வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த கோயில் அது. ஸ்மித் 1926-ல் லிஸ்பன் நகரில் இறந்தார். கோட்டை அரைகுறையாக நின்றுபோனது, கோயில் நிற்கவில்லை.

தோட்டத்து நாடகமும் கூத்தும் இப்படிப்பட்ட கோயில்களைச் சுற்றித்தான் வாழ்ந்தன. திருவிழா முடிகிற இரவில் பொன்னர் சங்கரோ, அரிச்சந்திராவோ, வள்ளித் திருமணமோ நடக்கும். காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்களே இரவில் ராஜாவாகவும் மந்திரியாகவும் நிற்பார்கள்.

இவற்றில் தனி வகை காமன் கூத்து. மாசி மாத வளர்பிறையில் கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டிய கம்பத்தை நட்டு, பௌர்ணமிவரை நாள் நாளாக நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம், சிவனின் தவம், மன்மதன் அம்பு விடுதல், நெற்றிக்கண் திறந்து அவனை எரித்தல், ரதியின் ஒப்பாரி என்று கதை போகும். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, டேப் அடித்து லாவணியில் கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். மராட்டியர் ஆட்சியில் தஞ்சாவூருக்கு வந்த பாட்டு முறை அது. தஞ்சைப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்களோடு கப்பலேறி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போனது.

இந்தக் கூத்தை ஒரே இரவில் நடத்திவிட முடியாது. கம்பம் நட்ட நாளிலிருந்து ஊரே அதற்குள் இருக்க வேண்டும். வேடம் கட்டுகிறவர் விரதம் இருப்பார். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அன்று ரதியாக இருப்பார். பார்க்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் நடுவில் டிக்கெட் கவுண்டர் எதுவும் இல்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் கூறு போடப்பட்டன. சுங்கை சிப்புட்டின் துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் பங்கு திரட்டி 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. கோயில்கள் சில இடம் மாறின. கூத்துக்கோ இடம் மாறிப் போக ஓர் இடம் இருக்கவில்லை. அதற்கு வேண்டிய ஊர் பல தாமான்களாகச் சிதறிவிட்டிருந்தது.

பேராதனையில் நடந்தது

1956 நவம்பர் 3-ஆம் தேதி கொழும்பில் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் மேடையேறியது. எழுதி இயக்கியவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. பழைய ‘நாடகம’ என்ற கிராமிய வடிவத்தை எடுத்து நவீன மேடைக்கு அவர் திருத்தியமைத்திருந்தார். அதோடு சிங்கள நாடகத்தின் போக்கே மாறிவிட்டது. அந்த ‘நாடகம’ வடிவத்தின் வேர், இலங்கைக் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்தில் இருந்தது. பெயரே காட்டிக் கொடுக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். நம்மிடமிருந்து போன வடிவத்தை வைத்து அவர்கள் ஒரு தேசிய நாடகத்தைக் கட்டிவிட்டார்கள், நம் கூத்தோ படிக்காதவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறதே என்ற ஆதங்கம் அவரை உந்தியது. கிராமம் கிராமமாகப் போய்க் கூத்துகளைப் பார்த்தார். ஏட்டில் இருந்தவற்றைப் பதிப்பித்தார். பின் மாணவர்களைக் கொண்டு 1962-ல் ‘கர்ணன் போர்’, 1963-ல் ‘நொண்டி நாடகம்’, 1964-ல் ‘இராவணேசன்’, 1966-ல் ‘வாலிவதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பின் சி. மௌனகுரு. பின்னாளில் அவரே பேராசிரியராகி, நாடகத்துறையில் தனி இடம் பெற்றார்.

வெட்டியது என்ன என்பதுதான் நமக்கு முக்கியம்.

மட்டக்களப்புக் கூத்து ஆடும் இடத்துக்கு வட்டக்களரி என்று பெயர். வட்டமான களம், சுற்றிலும் சனம். நடுவில் அண்ணாவியார் நிற்பார். கூத்தைக் கற்றுக்கொடுத்து நடத்துகிறவர் அவர். மத்தளக்காரர், தாளக்காரர், பிற்பாட்டுப் பாடுகிறவர்கள் எல்லோரும் அவரோடு நிற்பார்கள். ஆடுகிறவர் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஆடுவார், எந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் அவர் முகம் ஒருமுறை கிடைக்கும். ஒரே வரியை நாலு பக்கமும் பாடுவதால் நேரம் நீளும். விடிவதற்கு அது ஒரு காரணம்.

பல்கலைக்கழக மண்டபத்தில் சனம் ஒரு பக்கம்தான். ஆகவே நாலு திசைக்கும் திரும்பிப் பாடும் அவசியம் போயிற்று. திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் குறைந்தன. கதையின் கிளைகள் கழிக்கப்பட்டு, ஒரு பாத்திரத்தின் மோதலில் கதை குவிந்தது. இராவணேசனில் அது இராவணனின் வீழ்ச்சி. ஓர் இரவு, ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. அண்ணாவியாரும் மத்தளமும் நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்குப் போனார்கள்.

இந்தக் கடைசி மாற்றம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரிது. கிராமத்தில் ஆட்டத்தின் மையம் அண்ணாவியார். மண்டபத்தில் மையம் நடிகர், அவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இயக்குநர்.

இருந்தும் ஒன்றை வித்தியானந்தன் வெட்டவில்லை. மாணவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்க வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் அழைத்து வரப்பட்டார். தாளக்கட்டும் அடவும் அவரிடமிருந்து நேராக வந்தன. புத்தகத்தைப் பார்த்து ‘கூத்து மாதிரி’ ஒன்றைச் செய்யவில்லை. வடமோடி ஆட்டத்தின் வேகமும் பாட்டின் மெட்டும் மண்டபத்திலும் குலையாமல் நின்றதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

எதிர்ப்பும் வந்தது. மன்னர் கதையைச் சுருக்கிப் படித்தவர்களுக்குக் காட்டுவதால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில்போல, பின்னர் மௌனகுரு ‘சங்காரம்’ என்ற நாடகத்தில் வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சாதியையும் வர்க்கத்தையும் அரக்கர்களாக்கினார். இன்னொரு பதில் பல காலம் கழித்து மட்டக்களப்பிலிருந்தே வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுவராமல், சீலாமுனைக் கிராமத்துக்குப் போனார். கூத்தில் எதை மாற்றலாம், பெண் பாத்திரங்கள் என்ன பேசலாம் என்பதை ஆடும் ஊரே பேசி முடிவு செய்யும் முறையை அங்கே தொடங்கினார். ‘கூத்து மீளுருவாக்கம்’ என்று அதற்குப் பெயர். வெட்டும் கத்தி யார் கையில் என்ற கேள்விக்கு இது வேறொரு விடை.

மலாயாவுக்கும் பேராதனைக்கும் ஒரு பாலம்

இதெல்லாம் இலங்கைக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பேராதனையில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்த தனிநாயகம் அடிகள்தான் 1961-ல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது அவரது முயற்சியால். 1974-ல் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டுக்கு முன்னின்றவர் வித்தியானந்தன்.

அந்தத் துறை உருவான கதையில் தோட்டத் தொழிலாளிக்கும் பங்கு உண்டு. 1950-களில் ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் வேண்டும் என்பதற்காக, கூலி வாங்கியவர்களும் வெள்ளி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழுக்குக் கிடைத்த இடத்துக்கு அவர்கள் அப்போதே பணம் கட்டிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

பார்க்கப் போகும்போது

ஸ்ரீ இஸ்கண்டாரில் இருக்கும் வேந்தர் மண்டபம் சுமார் 3,000 பேர் அமரக்கூடியது. உலகப் புகழ்பெற்ற நார்மன் பாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த அந்த வளாகத்துக்கு 2007-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இப்படிப்பட்ட பெரிய மண்டபங்களில் பரதத்துக்கும் மெல்லிசைக்கும் சிக்கல் இல்லை. கூத்துக்கும் பறைக்கும்தான் சிக்கல். பறை திறந்த வெளிக்கான கருவி. மூடிய மண்டபத்தில் அதன் முன் மைக்கை வைத்துவிட்டால், அடியின் நுணுக்கம் போய் இரைச்சல்தான் மிஞ்சும். மாணவர் குழுக்கள் ஒலி அமைப்பாளரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான். வாய்ப்பிருந்தால் அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் மண்டபத்துக்கு வெளியே, புல்வெளியில் வட்டமாக வைத்துவிடலாம். பேராதனையிலேயே மலைச் சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்கு ஒன்று இருக்கிறது. சரச்சந்திரவின் பெயர் தாங்கிய அந்த இடத்தில் மரங்களுக்கிடையே படிகளில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது ஒத்திகைக் காலம். மட்டக்களப்பில் அண்ணாவியார் ஆளைப் பார்த்து வேடத்தைப் பிரித்து வசனம் கொடுக்கும் நாளுக்குச் ‘சட்டம் கொடுத்தல்’ என்று பெயர். அதன்பின் மாதக் கணக்கில் பழகி, காலில் சதங்கை கட்ட ஒரு நாள், முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்க்க ஒரு நாள், பிறகுதான் அரங்கேற்றம். பாடமும் பரீட்சையும் உள்ள மாணவர்கள் அவ்வளவு காலம் ஒதுக்குவது கஷ்டம்தான். ஆனால் இரண்டு வார ஒத்திகையில் காமன் கூத்து வராது. அதற்கு இரண்டு வாரம் மட்டும் கிடைத்தால், ரதியின் ஒப்பாரி ஒன்றை மட்டும் எடுத்து ஒழுங்காகச் செய்வது மேல்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. தோட்டத்தில் வேடம் கட்டியவர்கள், லாவணி பாடியவர்கள், உடுக்கை அடித்துக் கதை சொன்னவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதில் ஏதோ ஒரு தாமானில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கலை இரவுகளில் இப்படிப்பட்ட பெரியவர்களை அழைத்து, முன்வரிசையில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்துவது வழக்கம். அது மரியாதைதான். ஆனால் பேராதனை செய்தது அதுவல்ல. செல்லையா அண்ணாவியார் அங்கே விருந்தினராக வரவில்லை, வாத்தியாராக வந்தார்.

கம்பாரிலோ தஞ்சோங் மாலிமிலோ படிக்கும் பேரப்பிள்ளை வார இறுதியில் பத்து காஜாவுக்கு வரும்போது, தாத்தாவிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். மெட்டு முழுதாக நினைவில்லாமல் இருக்கலாம், முதல் இரண்டு அடியோடு நின்றுவிடலாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு பெரியவருக்கு அடுத்த அடி தெரிந்திருக்கும். அடுத்த கலை இரவுக்கு இருவரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு, ஒத்திகை தொடங்கும் நாளிலேயே போய்விடுவது நல்லது.