தமிழ் ‘ஜாலி’யும் ஆங்கில ‘ஜாலி’யும்

ஆங்கிலம் வராது என்று சொல்லும் மாணவரும் நாள்தோறும் பேசும் ஆங்கிலச் சொல் ‘ஜாலி’. அய்யம்பாளையத்தில், மருதாநதி அணைக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொன்னால், ஆறாம் வகுப்பில் பலர் ‘வீ வென்ட் டு த டேம் ஜாலி’ என்று எழுதுகிறார்கள். சிவப்பு மையில் சுழித்துவிட்டால், மாணவர் தனக்குச் சொந்தமான அந்தச் சொல்லையும் கைவிட்டுவிடுவார். பிழையின் காரணத்தைக் காட்டினால் சொல்லோடு இலக்கணமும் கிடைக்கும்.

சொல் வந்த வழி

பழைய பிரெஞ்சு மொழியின் ‘ஜோலிஃப்’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் ‘ஜாலி’ ஆனது. இன்றைய பிரெஞ்சில் அது ‘ஜோலி’, பொருள் ‘அழகான’. ஆங்கிலத்தில் ‘கலகலப்பான’ என்று பொருள். தமிழிலோ கவலையில்லாத பொழுதையும் விளையாட்டையும் சேர்த்துக் குறிக்கிறது.

பிழை எங்கே?

தமிழில் ‘ஜாலியான’ என்பது பெயரடை. ‘ஜாலியாக’ என்பது வினையடை. ‘ஆன’, ‘ஆக’ என்ற ஈறுகளே வேலையைப் பிரித்துத் தருகின்றன. மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ஈறு உதிர்ந்து ‘ஜாலி’ மட்டும் நிற்கிறது. ஆங்கில ‘ஜாலி’ பெரும்பாலும் பெயரடையே. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ‘ஜாலி குட்’ என்னும்போது மட்டும் ‘மிகவும்’ என்ற பொருளில் வினையடையாகிறது. எனவே ‘போனோம்’ என்ற வினையோடு அது ஒட்டாது. ஒரு பெயர்ச்சொல்லைத் தேடும்.

வகுப்பறையில்

‘ஜாலி’ வரும் தமிழ்த் தொடர்களை மாணவர்களையே சொல்லச் சொல்லி, கரும்பலகையில் எழுதி, எதிரே ஆங்கிலத்தை எழுதலாம்.

• அவர் ஜாலியான ஆள் – ஹீ இஸ் அ ஜாலி மேன்.
• ஜாலியாகப் போய்வந்தோம் – வீ வென்ட் தேர் அண்ட் ஹேட் அ ஜாலி டைம்.
• சும்மா ஜாலிக்குச் சொன்னேன் – ஐ செட் இட் ஃபார் ஃபன்.
• நாளைக்கு லீவு, ஜாலி! – ஹுரே! நோ ஸ்கூல் டுமாரோ!

முதல் இரண்டில் ‘மேன்’, ‘டைம்’ என்ற பெயர்ச்சொற்கள் துணைக்கு இருப்பதால் ‘ஜாலி’ நிலைக்கிறது. அடுத்த இரண்டில் ஆங்கிலம் வேறு சொல்லைக் கேட்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடலாம்.

இதே முறையில் ‘ஃப்ரீயாக’, ‘டென்ஷனாக’, ‘ஸ்பீடாக’ என்று அவர்கள் பேசும் மற்றச் சொற்களையும் எடுத்துக்கொள்ளலாம். மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆங்கிலம் கொஞ்சம்தான். பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.