நீராவிக் கப்பல் வந்த பிறகும் தோணி ஏன் நிற்கவில்லை?



இந்த முறை சுவர் இதழுக்குப் 'போக்குவரத்து' என்று தலைப்பு கொடுத்தார்கள். ரயில், விமானம் எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்பதால் நான் தோணியை எடுத்துக்கொண்டேன். தோணி என்றதும் நம்ம ஊர்க் கரையில் கிடக்கிற வல்லத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது தூத்துக்குடியின் சரக்குத் தோணி. முழுக்க மரத்தால் ஆனது. நூறு, இருநூறு டன்னுக்கு மேல்கூட சரக்கு ஏற்றும். ஒரு லாரியில் பத்து டன் என்று வைத்தால் இருபது லாரிச் சரக்கு ஒரே தோணியில் போகும்! அதுவும் அந்தக் காலத்தில் பாய் விரித்து, காற்றை மட்டும் நம்பி.

நீராவிக் கப்பல் வந்ததும் பாய்மரம் ஒழிந்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். தூத்துக்குடியில் நடந்தது வேறு. அங்கே கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கரைக்கு வந்தால் தரை தட்டிவிடும். அதனால் கரையிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியும் மூட்டைகளும் கப்பலுக்குப் போக வேண்டுமே, யார் கொண்டுபோவது? தோணிதான்! கப்பல் எவ்வளவு அதிகம் வந்ததோ அவ்வளவு தோணிக்கும் வேலை கிடைத்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், மறு வருடம் 'காலியா', 'லாவோ' கப்பல்கள் வந்ததும் நாம் பாடத்தில் படித்தவைதான். அந்தக் காலத்துத் தூத்துக்குடியிலே கப்பல் ஏற வேண்டுமானால் முதலில் படகு ஏற வேண்டும். இதைப் பாடத்தில் போடவில்லை.

1974இல் புதிய துறைமுகம் திறந்தார்கள். கப்பல் நேராகக் கரையை ஒட்டி வந்து நின்றது. சுமந்து போகிற வேலை தோணிக்கு இல்லாமல் போயிற்று. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் உருளைக்கிழங்கு, வெங்காயம், செங்கல், சிமெண்ட் ஏற்றிக்கொண்டு அதுவே போய் வந்தது. பிற்பாடு, 1980களிலிருந்து, டீசல் என்ஜினும் பொருத்தினார்கள். இப்போது தோணிகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது.

இனி தோணி எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்கிறேன். இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஏனென்றால் என் தாத்தா (அம்மாவின் அப்பா) ஓடாவி. ஓடாவி என்றால் படகு கட்டுகிற தச்சர். அவர் கட்டியது வல்லம்தான், பெரிய தோணி இல்லை. ஆனால் முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்.

முதலில் அடியில் நீளமாக ஒரு மரம் வைப்பார்கள். அதற்குப் பெயர் ஏரா. நம் முதுகெலும்பு மாதிரி. அதன் மேல் இரண்டு பக்கமும் விலா எலும்பு போல வளைந்த கட்டைகள். அவை வங்கு. வங்குக்கு நேரான மரத்தை வாங்கி வளைவாக அறுக்கலாமே என்று நான் கேட்டேன். தாத்தா சிரித்தார். "அறுத்தா நார் அறுந்து போகும் தாயி. அலை அடிச்சா அந்த இடத்துலதான் வெடிக்கும். மரமே வளைஞ்சு வளர்ந்திருக்கணும்" என்றார். அதனால்தான் வேம்பு, கருவேலம், பூவரசு என்று வளைந்த கிளையாகத் தேடி அலைவார்களாம். இப்பவும் பஸ்ஸில் போகும்போது ரோட்டோர மரத்தைப் பார்த்து "அந்தக் கொப்பு நல்ல வங்கு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

பலகைகளை அடித்து முடித்ததும் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். கடலில் இறக்கியதும் மரம் தண்ணீர் குடித்து ஊதி இடுக்கை இன்னும் இறுக்கும். பள்ளத்துக்குள் தண்ணீர் வராமல் தண்ணீரே காவல் காக்கிறது!

தாத்தா கடைசி வல்லத்தைக் கட்டி வருடங்கள் ஆகின்றன. எல்லோரும் பைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். பைபர் லேசு, சீக்கிரம் ஓடும், வருடா வருடம் கலப்பத்து அடிக்க வேண்டாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் மாமாவே பைபர்தான் வைத்திருக்கிறார். ஆனால் ஏரா, வங்கு, அணியம் என்று கேட்டால் மாமா மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகவே தாத்தா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 31 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

மரக் கப்பலிலேயே நீராவி என்ஜினை வைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடல் போலப் பெரிய ஏரிகள் இருக்கின்றன. அங்கே 1869இல் 'ஆர்.ஜே. ஹேக்கெட்' என்ற மரச் சரக்குக் கப்பலை நீராவி என்ஜினோடு கட்டினார்கள். இரும்புத் தாது ஏற்றுவதற்கு. அது மாதிரி ஏராளமான கப்பல்கள் பிறகு வந்தன. ஆனால் மரத்துக்குள்ளே எந்நேரமும் நெருப்பு எரிய வேண்டுமே! 1905இல் அந்த ஹேக்கெட் தீப்பிடித்து மூழ்கியது. நம்மவர்கள் மரத்துக்குக் காற்றே போதும் என்று விட்டது ஒரு வகையில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காற்றை நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம்? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் 'அன்னபூரணி' என்று ஒரு பாய்க்கப்பல் கட்டினார்கள். நீளம் ஏறக்குறைய 90 அடி. நம்ம வகுப்பறைகள் நாலைச் சேர்த்து வைத்த மாதிரி. ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விரும்பி வாங்கித் தன் மனைவி பெயரை வைத்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் சேர்ந்து செலுத்த, சூயஸ் கால்வாய் வழியாக, அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. அப்போது உலகமெங்கும் நீராவிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம்.

அட்லஸை எடுத்து மீமிசலில் ஸ்கேலை வைத்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதும் வல்வெட்டித்துறை வரும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி