புகைப்பழக்கத்தை விட்டபின் கூடும் எடை: காரணமும் கட்டுப்பாடும்

புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர்களில் பலர், இரண்டு மூன்று மாதங்களுக்குள் உடை இறுகுவதையும் வயிறு பருப்பதையும் காண்கின்றனர். இதனால் மனம் தளர்ந்து மீண்டும் புகைக்கத் தொடங்குபவர்களும் உள்ளனர். எடை ஏன் கூடுகிறது, எவ்வளவு கூடும், வளைகுடா நாடுகளில் வாழும் தமிழர்கள் தம் அன்றாட உணவுக்குள்ளேயே அதை எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எடை கூடுவதன் காரணங்கள்

நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்துகிறது. உடல் செலவிடும் ஆற்றலையும் சற்று உயர்த்துகிறது. அது நின்றதும் பசி கூடுகிறது, ஆற்றல் செலவு குறைகிறது. மழுங்கியிருந்த சுவையும் மணமும் மீள்வதால் உணவு முன்னிலும் இனிக்கிறது. இவற்றோடு, சிகரெட்டைப் பிடித்துப் பழகிய கையும் வாயும் வேறொன்றைத் தேடுகின்றன. முன்பு புகைத்த இடைவேளையில் இப்போது ஒரு சமோசாவோ பிஸ்கட்டோ இடம்பிடித்துவிடுகிறது.

எவ்வளவு கூடும்?

மருந்துகளின் துணையின்றிப் புகையை விட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கணக்கீட்டை வெளியிட்டது. அதன்படி எடை சராசரியாக ஒரு மாதத்தில் 1.1 கிலோ, மூன்று மாதங்களில் 2.9 கிலோ, ஓராண்டில் 4.7 கிலோ கூடுகிறது. பாதிக்கு மேற்பட்ட உயர்வு முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்வதால், மிகுந்த கவனம் தேவைப்படும் காலமும் அதுவே. சராசரி எல்லாருக்கும் பொருந்துவதன்று: ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு எடை குறைந்தது, 13 விழுக்காட்டினருக்கு 10 கிலோவுக்கு மேல் கூடியது.

எடை கூடினாலும் புகையை விடுவது நன்மையா?

ஆம். 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. புகையை விட்டபின் எடை கூடியவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சில ஆண்டுகள் உயர்ந்து, பின்னர் படிப்படியாகத் தணிந்தது. ஆயினும் தொடர்ந்து புகைத்தவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவாகவே இருந்தது. எனவே எடையைக் காரணம் காட்டி மீண்டும் புகைப்பது சிறிய தீங்கிலிருந்து தப்பப் பெரிய தீங்கை ஏற்பதாகும்.

எனினும் அலட்சியமும் தகாது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. ஆகையால் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே மிகை எடை எனக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருத்தல் நலம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளவு நாடாவைச் சுற்றி, மாதம் ஒருமுறை அளந்து குறித்துவரலாம்.

தேநீர் இடைவேளை

வளைகுடாவில் புகையும் கரக் தேநீரும் பலருக்கு இணைபிரியாதவை. புகையை விட்டவர் தேநீரின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுவது இயல்பு. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால், நாளொன்றுக்கு ஐந்து கோப்பையில் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரையும் 160 கலோரியும் சேர்கின்றன. பாலின் கலோரி வேறு. 330 மில்லிலிட்டர் கோலாவிலும் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை உள்ளது. 2017 அக்டோபர் 1 அன்று அமீரகத்தில் கலால் வரி நடைமுறைக்கு வந்தபோது, புகையிலையுடன் வாயு நிரப்பிய பானங்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டது கருதத்தக்கது. ஒன்றை விட்டவர் மற்றொன்றைப் பற்றிக்கொள்வது நோக்கத்துக்கே மாறானது.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. புகை, உடலில் காஃபீன் சிதைவதை விரைவுபடுத்துகிறது. புகை நின்றபின் அதே அளவு தேநீரும் காப்பியும் கூடுதலாக வேலை செய்யும். உறக்கமின்மையும் படபடப்பும் இதனாலும் வரக்கூடும்; உறக்கம் குறைந்தால் பசியும் கூடும். ஆதலால் தேநீர், காப்பியின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, சர்க்கரையின்றியோ அரைக் கரண்டிச் சர்க்கரையுடனோ அருந்துவது நன்று.

தீனிக்கு மாற்று

புகைக்கும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நேரத்தைக் கடக்கப் பின்வருவன உதவும்:

• ஒரு குவளை குளிர்ந்த நீர், அல்லது சர்க்கரை சேர்க்காத மோர் அல்லது லபன்.
• வாயில் அடக்கிக்கொள்ள ஏலக்காய், கிராம்பு, சோம்பு.
• வெள்ளரிக்காய், கேரட், சுண்டல், வறுத்த கொண்டைக்கடலை.
• பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு மட்டும். பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றில் ஏறத்தாழ 65 கலோரி உண்டு.

ஊரிலிருந்து வரும் முறுக்கையும் மிக்சரையும் பொட்டலத்திலிருந்து நேரே உண்ணாமல், ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மீதியை மூடி வைத்துவிட வேண்டும். அறை நண்பர்களுடன் மெஸ் முறையில் உண்பவர்கள் சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளலாம். பணி முடிந்து பின்னிரவில் உண்பவர்கள், மாலையில் சிறிது சுண்டல் உண்டால் இரவில் அளவுக்கு மீறி உண்ணாதிருப்பர்.

ரமலான் மாதத்தில் நோன்பிருப்போர் பகல் முழுவதும் புகையின்றி இருக்கின்றனர். அப்பழக்கத்தை முழுமையாக விட அது நல்ல தருணம். ஆனால் இஃப்தாரில் எண்ணெய்ப் பலகாரங்களும் இனிப்புப் பானங்களும் அளவோடு இருத்தல் வேண்டும்.

நடைப்பயிற்சி

நாள்தோறும் 30 நிமிட விரைவு நடை எடையையும் புகை வேட்கையையும் குறைக்கும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை செய்வதற்கே தடை உள்ளது. அக்காலத்தில் அதிகாலையிலோ, குளிரூட்டப்பட்ட வணிக வளாகங்களிலோ நடப்பதே பாதுகாப்பானது. நாள் முழுவதும் உடலுழைப்பில் ஈடுபடுபவர்களுக்கு நடையைவிட உணவில் கவனமே முதன்மையானது.

தவிர்க்க வேண்டியவை

புகையை விட்ட முதல் வாரங்களில் பட்டினியும் கடும் உணவுக் கட்டுப்பாடும் வேண்டா. பசியும் வேட்கையும் ஒருசேரத் தாக்கினால் மன உறுதி குலையும். ஷீஷா, மித்வாக், மெல்லும் புகையிலை ஆகியவை சிகரெட்டுக்கு மாற்று ஆகா. உடல் இளைக்க உதவும் என இணையத்தில் விற்கப்படும் மாத்திரைகளையும் பொடிகளையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

மருத்துவ உதவி

நிக்கோட்டின் மெல்லும் பசை முதலியன வேட்கையைத் தணிப்பதோடு எடை உயர்வையும் தள்ளிப்போடுகின்றன. அவற்றின் அளவை மருத்துவரோ மருந்தாளுநரோ முடிவு செய்ய வேண்டும். நீரிழிவு, இரத்தம் உறைதல், மனநலம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்கள், புகையை விடும் செய்தியை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் இன்றியமையாதது. சில மருந்துகளின் அளவை மாற்ற நேரிடும். துபாய் சுகாதார ஆணையத்தை 800342 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். கத்தாரில் வாழ்வோருக்கு ஹமது மருத்துவக் கழகத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு மையம் உள்ளது. பிற பகுதிகளில் வசிப்பவர்கள் தத்தம் காப்பீட்டு அட்டை ஏற்கப்படும் மருத்துவ மையத்தை அணுகலாம்.