இந்த வில் எந்த மரம்?

திருவில்லிபுத்தூர் என்னும் பெயரிலேயே ஒரு வில் ஒளிந்திருக்கிறது. வில்லி என்ற வேடர் தலைவன் காடு திருத்தி அமைத்த ஊர் என்று தலவரலாறு சொல்லும். இன்று அவ்வட்டாரத்தில், இராஜபாளையத்திலோ அதை அடுத்த சோழபுரத்திலோ, வேட்டை வில்லைத் தேடிப் புறப்பட்டால் நீங்கள் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஆனால் தென்மாவட்டங்களில் கோயில் கொடை நடக்கும்போது வேறொரு வில்லைக் காணலாம். ஆள் உயரத்தைவிட நீளமான அந்த வில்லைக் குடத்தின்மேல் கிடத்தி, நாணை வீசுகோலால் தட்டிக் கதை பாடுவார்கள். அதுவே வில்லுப்பாட்டு வில்.

அத்தகைய வில் ஒன்று பழைய வீட்டுப் பரணில் உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகள் போய்விட்டன, நாண் அறுந்துவிட்டது, மேலே நாலைந்து பூச்சு வண்ணம். ஒருவர் தேக்கு என்பார். இன்னொருவர் மூங்கில் என்பார். மூன்றாமவர் பனை என்று அடித்துச் சொல்வார். எதுவானால் என்ன என்று நினைத்து நாணைக் கட்டி இழுத்தீர்களானால் ஆபத்து. பழைய வில் முறியும்போது சிலாம்பு தெறிக்கும், கண்ணுக்கே கேடு. மரம் இன்னது, அது பிளந்தெடுத்ததா அறுத்தெடுத்ததா என்று தெரிந்த பிறகே அதில் கை வைக்கவேண்டும்.

வண்ணத்தைச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் வில்லைச் செய்தவருடைய உளித்தடமும் சேர்ந்து போய்விடும். வில்லின் நுனிக்குப் போங்கள். நாண் உராய்ந்து பூச்சு தேய்ந்த இடம் அங்கே இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். தேக்காக இருந்தால் வளையங்களின் பகுதிகள் வில்வளைவாகத் தெரியும். பனையாக இருந்தால் வளையமே இராது. வெளிர்நிறப் பரப்பில் கறுப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்கும்.

இதற்குக் காரணம் பனையின் வளர்ச்சி முறை. தேக்கு, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்னும் வளரும் அடுக்கு உண்டு. அது புதிய கட்டையைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே போவதால் மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கிறது. பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் கிடையாது. நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் வாஸ்குலார் கற்றைகள் மென்மையான தளத்திசுவில் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கற்றைக்கும் தடித்த சுவர்கொண்ட நார்ச்செல்கள் கவசமாக அமைந்திருக்கின்றன. நீங்கள் பார்த்த கறுப்புப் புள்ளி இந்தக் கற்றையின் வெட்டுமுகம்தான். அதே கற்றையைப் பக்கவாட்டில் பார்த்தால் நீண்ட கறுப்புக் கோடாகத் தெரியும்.

இக்கற்றைகள் தண்டின் ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலகலவென்றும் இருக்கும். ஓரத்தை ‘வைரம்’ என்றும் நடுவைச் ‘சோறு’ என்றும் நம் தச்சர்கள் சொல்வது எவ்வளவு பொருத்தம்! பனங்கையாகக் கூரையைத் தாங்குவது வைரம். சோற்றுத் துண்டு ஒன்றையும் வைரத் துண்டு ஒன்றையும் நீரில் போட்டுப் பாருங்கள். முன்னது தக்கைபோல் மிதக்கும். பின்னது அமிழப் பார்க்கும்.

மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரமே. அதிலும் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை மிகச் சிறியவை. அதோடு, சட்டத்தில் கணுக்கள் காட்டிக்கொடுத்துவிடும். எனவே குழப்பத்துக்கு இடமில்லை.

பனை இனத்து மரத்தை வில்லுக்கு எடுத்தவர்கள் நாம் மட்டுமல்லர். 1975-இல் விடுதலை பெற்ற பாப்புவா நியூகினியிலும் கரும்பனை என்று வழங்கும் மரங்களின் வெளிவைரத்தைப் பிளந்து வேட்டை வில் செய்வார்கள். அவர்களுடைய நாண் முறுக்கிய கயிறன்று. பிரம்பையோ மூங்கிலையோ சீவி எடுத்த தட்டையான பட்டை. நாண் பட்டையாக இருப்பதால் அம்பின் அடியில் பிளவு வெட்டவேண்டியதில்லை. அவ்வம்புகளுக்கு இறகும் கட்டுவதில்லை. காட்சிசாலையில் பெயர்ச்சீட்டு தொலைந்த வில்லொன்றைக் கண்டால் நாணைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். அந்தமான் தீவுகளின் பெரிய வில்லோ ஆங்கில எழுத்து ‘எஸ்’போல் நெளிந்து, துடுப்புப்போல் அகன்றிருக்கும், அதை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

நம் வில்லுக்கு வருவோம். வளைக்கும்போது அதன் வெளிமுகம் இழுபடுகிறது. நாணை நோக்கிய உள்முகம் அமுக்குண்கிறது. நடுப்பகுதிக்கு அதிக வேலையில்லை. பனைச் சட்டத்தில் ஒரு பக்கம் பட்டையை ஒட்டிய வைரம். மறுபக்கம் சோற்றை நோக்கியது. செய்தவர் எந்தப் பக்கத்தை வெளியே வைத்தார்? நுனியில் புள்ளிகள் எந்தப் பக்கம் நெருங்கியிருக்கின்றன என்று பாருங்கள். விடை அங்கேயே இருக்கிறது.

அடுத்து, கறுப்புக் கோடுகளைப் பின்தொடருங்கள். நுனிமுதல் நுனிவரை அறுபடாமல் ஓடினால், ஆப்பு வைத்து நாரின் போக்கிலேயே பிளந்த சட்டம் அது. கோடுகள் இடையில் விளிம்புக்கு வந்து முடிந்துபோனால், இரம்பம் நாரைக் குறுக்கே அறுத்திருக்கிறது. வெளிமுகத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால் முதலில் சிலாம்பு கிளம்புவது அங்கேதான். அந்த வில்லை நாணேற்ற வேண்டாம்.

‘கொஞ்சம் இழைத்துச் சீராக்கலாமே’ என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். சட்டத்தின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும்!

நாணின் மிச்சம் இருந்தால் அதிலும் சேதி உண்டு. வில்லுப்பாட்டு வில்லுக்கு மாட்டுத்தோலை முறுக்கி நாண் செய்வது வழக்கம். உதிர்ந்த பிசிர் ஒன்றை மட்டும் எடுத்து நெருப்பில் காட்டுங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்தால் தோல். காகிதம் எரியும் வாடை வந்தால் தாவர நார். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும். தளர்ந்தால் சுருதி இறங்கும். ஒரே நாணில் சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது பௌதிகப் பாடம். அவ்வளவு இழுப்பையும் தாங்குவது அந்த மரம்தான்.

இப்போது உலோகத்தில் செய்த வில்லும் மேடைக்கு வருகிறது. குறை சொல்வதற்கில்லை. பனை பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும். வைரம் பாய்வதற்கு அதைப்போல் பல மடங்கு காலம் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. ஆகவே பரணில் கிடைத்த வில்லுக்கு மாற்று எளிதில் கிடைக்காது.

நாணைக் கழற்றிய நிலையிலேயே வில்லை வைத்திருங்கள்; நாணோடு வைத்தால் வளைவு நிலைத்துப்போகும். சுவரில் சாய்த்து நிறுத்தாமல் படுக்கையாக வையுங்கள். நீளம், நடுவிலும் இரு நுனிகளிலும் அகலமும் தடிமனும், புள்ளிகள் நெருங்கிய பக்கம், யார் வீட்டுப் பரண் என்ற விவரம் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, நூலால் வில்லோடு கட்டிவிடுங்கள்.