பழைய பிளாக், புது ஸ்லீவ்: சூட்டிலும் பிடி இருக்கணும்

பைக் இன்ஜின்ல போர் தேய்ஞ்சா ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. கடைசி ஓவர்சைஸும் முடிஞ்சுட்டா? அலுமினியம் பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கிற வார்ப்பிரும்பு ஸ்லீவை மட்டும் மாத்தலாம்.

ஸ்லீவைப் பிடிச்சு வைக்கிறது இறுக்கம்தான். அதோட வெளிவிட்டம், பிளாக்கின் துளையைவிடக் கொஞ்சம் பெரிசு. இதைத்தான் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்னு படிச்சோம். அப்படியே பிரஸ்ல வெச்சு அழுத்தினா மெத்தென்ற அலுமினியம் சுரண்டுப்படும். அதனால பிளாக்கை அவன்ல சீரா சூடாக்குவாங்க. ஸ்லீவைக் குளிர வைப்பதும் உண்டு.

கணக்கு பாருங்க. ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு அலுமினியம் சுமார் 23 மைக்ரான் விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11. துளை 60 மி.மீ., சூடு 150 டிகிரி கூடினா துளை 0.2 மி.மீ. பெரிசாகும். ஸ்லீவ் கையாலேயே இறங்கிடும்.

ஆனா அதே விரிவுதான் வில்லனும். வண்டி ஓடும்போது இரண்டும் 100 டிகிரி சூடானா, அலுமினியம் 0.07 மி.மீ. கூடுதலா விரியும். இறுக்கம் 0.05 மட்டும் வெச்சிருந்தா பிடி போச்சு! ஸ்லீவ் நகரலாம், வெப்பமும் ஃபின்களுக்கு ஒழுங்கா போகாது. ரொம்ப அதிகமா வெச்சா பிளாக்கே விரிசல் விடலாம்.

ஆக, இறுக்கத்தை முடிவு பண்ண வேண்டியது இன்ஜின் ஓடுற சூட்டை வெச்சு. ஆறினதும் ஸ்லீவ் லேசா சுருங்கியிருக்கும். அதனால பிஸ்டன் அளவுக்கு போரிங், ஹோனிங் எப்பவும் கடைசியில்தான்.