தெருவே போடும் பிரேக்

ஒரே தெருவில் இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன. ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், இன்னொன்று 50-இல். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. இரண்டு ஓட்டுநர்களும் அதே கணத்தில் பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததைப் புரிந்துகொண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த, நல்ல சாலையில் 30-இல் வந்த கார் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வந்த காரோ அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் வேகம் துளியும் குறையாமல் தாண்டிப் போகிறது.

வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 30-இல் செல்லும் காரைவிட 50-இல் செல்லும் கார் 2.8 மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. ஓர் ஆள் 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்; 50 என்றால் மூன்றாம் மாடியிலிருந்து. பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30-ஐத் தாண்டக் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஆனால் 30 என்று ஒரு பலகை நட்டுவிட்டால் வண்டிகள் 30-இல் போய்விடுமா? போகாது. ஓட்டுநரின் கண் பலகையைவிடச் சாலையைத்தான் அதிகம் படிக்கிறது. அகலமாக, நேராக, தொலைவு வரை வெறிச்சென்று கிடக்கும் தெரு காலை ஆக்ஸிலரேட்டரை நோக்கி இழுக்கும். குறுகி, வளைந்து, மர நிழல் விழும் தெருவில் அதே கால் தானாகவே பின்வாங்கும். மனிதரின் இந்த இயல்பை வைத்தே தெருவின் உருவத்தை மாற்றி வேகத்தைக் குறைக்கும் கலைக்குப் ‘போக்குவரத்துத் தணிப்பு’ என்று பெயர்.

நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். பெற்றோர் வீதிக்கு வந்து போராடினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டெல்ஃப்ட் நகரில் ஒரு புதுமை தொடங்கியிருந்தது. யோஸ்ட் வால் என்ற நகராட்சிப் பொறியாளரும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து தெருவையே மாற்றிப் பார்த்தார்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே இருந்த உயர வேறுபாட்டை நீக்கினார்கள். மரங்களையும் இருக்கைகளையும் வண்டி நிறுத்தும் இடங்களையும் இடதும் வலதுமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். நேர்கோடு உடைந்தது. தனக்கென்று ஒதுக்கிய பாதை எதுவும் கண்ணில் படாத ஓட்டுநர் தயங்கினார். தயக்கம் வேகத்தைக் குறைத்தது. ‘வூனெர்ஃப்’, அதாவது குடியிருப்பு முற்றம் எனப்படும் இந்த அமைப்பை 1976-இல் நெதர்லாந்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அங்கே தெருவின் முழு அகலமும் நடப்பவர்களுக்கு உரியது; குழந்தைகள் விளையாடலாம்; வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்பது அன்றைய விதி.

நமக்கு நன்கு பழகிய ஸ்பீட் பிரேக்கருக்கும் ஓர் அறிவியல் வரலாறு உண்டு. 1927-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், 1953-இல் தாம் வேந்தராக இருந்த செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் விரையும் கார்களை அடக்க வேகத்தடைகளை வடிவமைத்தார். எக்ஸ் கதிர்களின் சிதறலை ஆராய்ந்த அறிஞருக்குத் தெருவின் மேடும் ஆராயத் தக்க பொருளாகவே தோன்றியிருக்கிறது.

1973-இல் பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வாட்ஸ் என்ற ஆய்வாளர் எந்த வடிவ மேடு நன்றாக வேலை செய்யும் என்ற சோதனை முடிவுகளை வெளியிட்டார். குறுகலான, செங்குத்தான மேட்டில் ஒரு விந்தை இருக்கிறது. 30 சென்டிமீட்டர் அகல மேட்டை 50 கிலோமீட்டர் வேகக் கார் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் டயரும் சுருள்வில்லும் அதிர்ச்சியை விழுங்கிவிடும். காரின் உடல் மேலெழ நேரமே கிடைக்காது. ஆகவே விரைந்து போகிறவருக்குக் குலுக்கல் சில நேரம் குறைவாகவே தெரியும். மெதுவாகப் போகும் ஆட்டோவில் இருக்கும் கர்ப்பிணிக்குத்தான் முழு அடியும்.

வாட்ஸ் கண்ட தீர்வு 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான மேடு. இவ்வளவு நீண்ட மேட்டில் கார் முழுதும் ஏறி இறங்கியாக வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறையும் இதே அளவைத்தான் சொல்கிறது: 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், கடக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தின் உச்சியில் 3.7 மீட்டர் நீளத்துக்கு ஒரு கீற்று வெட்டினால் அதன் உயரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வரும்.

அந்த வளைவின் உச்சியை 25-இல் கடக்கும்போது உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைந்ததுபோல் ஒரு கணம் தோன்றும், தாங்கிக்கொள்ளலாம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் அந்த விளைவு நான்கு மடங்காகும். சுருள்வில்லே இல்லாத வண்டி என்றால் 46 கிலோமீட்டரைத் தாண்டியதும் சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். வேகத்துக்கு ஏற்ற தண்டனையைக் காவலரோ கேமராவோ இல்லாமல் வடிவியலே விதிக்கிறது.

சரி, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் என்ன செய்யும்? அதற்காகப் பிறந்ததுதான் ‘வேகத் திண்டு’. தெருவின் முழு அகலத்துக்கும் பரவாமல், சுமார் 1.6 மீட்டர் அகலத்தில் தனித்தனியாக அமைக்கும் மேடு இது. காரின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே உள்ள வெளி இதைவிடக் குறைவு. ஆகவே கார் ஏறித்தான் ஆக வேண்டும். அகலமான தீயணைப்பு வண்டி திண்டை நடுவில் விட்டு, இருபுறமும் சக்கரம் உருள வழுக்கிக்கொண்டு போய்விடும். சக்கர இடைவெளியில் உள்ள இந்த வித்தியாசம் இரண்டு வண்டிகளையும் பிரித்தறிகிறது. இந்த உத்திக்கும் எல்லை உண்டு. திண்டுகளுக்கு நடுவே பைக்குகள் புகுந்து போய்விடும் என்பதால், இருசக்கர வாகனங்கள் நிறைந்த தெருவுக்கு இது பொருந்தாது.

மேடே இல்லாமலும் வேகத்தைக் குறைக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிறு தெருக்கள் சந்திக்கும் இடங்களில் 1970-களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி ரவுண்டானாக்களைக் கட்டியிருக்கிறார்கள். பலவற்றின் நடுவே செடியும் மரமும் உண்டு. நேராகப் பாய வழியில்லை. சுற்றித்தான் போக வேண்டும். தொலைவு வரை நீண்டு தெரியும் காட்சியையும் மரம் மறித்துவிடுகிறது.

உண்மையான நுட்பம் திட்டமிடுதலில் இருக்கிறது. ஒரு தெருவில் மட்டும் வேகத்தடை போட்டால் வண்டிகள் அடுத்த தெருவுக்கு இடம்பெயரும். அதனால் பொறியாளர்கள் ஒரு பகுதி முழுவதையும் ஒரே அமைப்பாக எடுத்துக்கொண்டு அளக்கிறார்கள். சராசரி வேகத்தை அவர்கள் நம்புவதில்லை. நூறு வண்டிகளை வேக வரிசையில் நிறுத்தி, 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பார்ப்பார்கள். அது 47 என்றால் பதினைந்து வண்டிகள் அதற்கும் மேல் பறக்கின்றன என்று பொருள், ஆபத்து அங்கேதான். அடுத்த கேள்வி, இவற்றில் எத்தனை இந்தப் பகுதிக்கே வருபவை, எத்தனை குறுக்கு வழி தேடி நுழைபவை என்பது. குறுக்கு வழிதான் சிக்கல் என்றால் எத்தனை மேடு போட்டும் பயனில்லை; வழியையே மாற்ற வேண்டும்.

பார்சிலோனா அதைத்தான் செய்தது. 2016-இல் போப்ளேநோ பகுதியில் ஒன்பது மனைத்தொகுதிகளை, அதாவது பக்கத்துக்குச் சுமார் 400 மீட்டர் உள்ள சதுரத்தை, ‘பெருந்தொகுதி’யாக இணைத்தார்கள். உள்ளே வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். எல்லா வீட்டுக்கும் வண்டி போகலாம். ஆனால் ஒருவழிப் பாதைகள் பின்னப்பட்டிருக்கும் விதம் எப்படியென்றால், உள்ளே நுழைந்த வண்டி ஒன்றிரண்டு திருப்பங்களில் வந்த பக்கத்துக்கே திரும்பிவிடும். மறுபக்கம் கடக்க முடியாது என்று தெரிந்ததும் குறுக்கு வழி தேடுபவர் உள்ளே வருவதையே விட்டுவிடுவார்.

வேகமும் நெரிசலும் குறைந்தால் விபத்து மட்டும் குறைவதில்லை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற அறிஞர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, சராசரி 0.9.

உங்கள் தெருவுக்கு ஸ்பீட் பிரேக்கர் கேட்டு மனு எழுதும்போது இந்த எண்களையும் சேர்த்து எழுதுங்கள்: நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், இரவிலும் தெரியும் வண்ணக் கோடுகள், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை. போட்டு முடித்ததும் ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். ஒரு தெருவுக்கு மட்டும் கேட்காமல், பக்கத்துத் தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நகர் முழுவதற்கும் ஒரே திட்டமாகக் கேளுங்கள்.