வாக்குச் சீட்டும் மனச்சான்றும்

குடியாட்சியில் வாக்களிப்பது உரிமையா, கடமையா என்பது நெடுநாளைய வினா. உரிமை என்றால் அதனைப் பயன்படுத்தாமல் விடவும் ஒருவனுக்கு உரிமை உண்டு. கடமை என்றால் அதனைத் தவிர்ப்பது குற்றமாகும். சிங்கப்பூர்ச் சட்டம் இதனைக் கடமை என்றே கொள்கிறது. ஐக்கிய அமெரிக்கா இதனைக் குடிமகனின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அங்கே கிறித்தவ நெறியில் ஊன்றி நின்று, அரசின் கை எவ்வளவுக்கெவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நன்று என்று கருதும் ஒரு சாரார் உளர். வாக்களிப்பது பற்றி அவர்கள் எழுப்பும் வினாக்கள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியனவல்ல. புக்கிட் பாத்தோக்கில் வாக்குச் சாவடிக்குச் செல்லும் தமிழரும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இவர்களுடைய கொள்கைக்கு வேர் விவிலியத்திலேயே இருக்கிறது. இராயனுக்கு வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு பெருமான் ஒரு காசைக் காட்டச் சொன்னார். காசில் இருந்தது இராயனின் உருவம். ஆகவே அது அவனுக்குரியது. மனிதனிடத்தில் இருப்பதோ இறைவனின் சாயல். ஆகவே மனிதன் இராயனுக்குரியவன் அல்லன் என்பது பண்டைத் திருச்சபை அறிஞர் தெர்த்துல்லியன் காட்டிய விளக்கம். அரசுக்கு எல்லை உண்டு, அந்த எல்லை மனச்சான்றின் வாயிலில் முடிகிறது என்னும் கருத்து இதிலிருந்து கிளைத்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சமயப் போதகர் ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் நகரை நிறுவி, சமயக் காரியங்களில் அரசு தலையிடாத ஆட்சிக்கு வழி வகுத்தார். 1791இல் நிறைவேறிய அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அக்கருத்தை நாட்டின் சட்டமாக்கியது. சமயத்துக்கும் அரசுக்கும் இடையே ஒரு மதில் எழுந்துள்ளது என்று 1802இல் ஜெபர்சன் எழுதிய மடலும் புகழ் பெற்றது.

அரசை ஐயுறும் கிறித்தவர் தேர்தல் நாளில் என் செய்வது? இதற்கு மூன்று விடைகள் கூறப்படுகின்றன.

முதல் விடை, வாக்களிக்கவே கூடாது என்பது. நாஷ்வில் நகரில் வாழ்ந்த டேவிட் லிப்ஸ்கம் (1831–1917) இதனை வலியுறுத்தினார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஒரே மறையை ஓதியவர்கள் இரு படைகளிலும் நின்று ஒருவரையொருவர் கொன்றதை அவர் கண்டார். ஓர் ஆட்சியை வாக்கால் நிறுவுகிறவன், அவ்வாட்சியை வாளால் காக்கவும் கடமைப்பட்டவன் ஆகிறான். வாள் எடுக்க விரும்பாதவன் வாக்கும் அளிக்கலாகாது என்பது அவர் வாதம். சீர்திருத்தப் பிரஸ்பிட்டேரியர் எனப்படும் பிரிவினரும் நெடுங்காலம் வாக்களியாது இருந்தனர். ஆனால் அவர்கள் கூறிய காரணம் வேறு: அரசமைப்பு கிறிஸ்துவின் தலைமையை ஏற்கவில்லை என்பது அவர்கள் குறை. அரசு சமயத்தை விட்டு விலகட்டும் என்பாரும், அரசு சமயத்துக்கு அடங்கட்டும் என்பாரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தனர் என்பது கருதத்தக்கது.

இரண்டாம் விடை, இரு தீமைகளுள் சிறியதைத் தேர்க என்பது. அமெரிக்கத் தேர்தல் அமைப்பே மக்களை இவ்வழியில் தள்ளுகிறது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களுள் 270 பேரின் ஆதரவு பெற்றவரே வெல்வார். மெயின், நெப்ராஸ்கா நீங்கலாக 48 மாநிலங்களில், மிகுதியான வாக்குப் பெற்றவருக்கே அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரும் உரியர். ஆகவே மூன்றாம் கட்சிக்கு இடும் வாக்கு வீண் என்னும் எண்ணம் வேரூன்றியது. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்கு வேறுபாட்டில் நாட்டின் தலைமையே முடிவாயிற்று என்பது இவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் சான்று.

மூன்றாம் விடை, வெற்றி தோல்வி கருதாது தன் கொள்கைக்கு உரியவருக்கே வாக்களிப்பது. 1971இல் தோன்றிய தன்னுரிமைக் கட்சி 1972 தேர்தலில் சில ஆயிரம் வாக்குகளே பெற்றது. எனினும் வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சித் தேர்வாளர் ஒருவர் தம் கட்சி வேட்பாளரை விடுத்து, தன்னுரிமைக் கட்சிக்கு வாக்களித்தார். அமெரிக்க வரலாற்றில் ஒரு பெண் பெற்ற முதல் தேர்வாளர் வாக்கும் அவ்வாறே அக்கட்சியின் துணைத் தலைவர் வேட்பாளர் டோனி நேதனுக்குக் கிடைத்தது. வெல்லாத வாக்கும் வரலாற்றில் பதிவதுண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இக்கருத்துகள் தமிழருக்குப் புதியனவா? அல்ல. 1959இல் இராஜாஜி, மினு மசானி, என். ஜி. ரங்கா முதலியோர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினர். தொழிலுக்கும் உழவுக்கும் அனுமதி, உரிமம், ஒதுக்கீடு எனத் தளையிடும் ஆட்சியை அவர்கள் எதிர்த்தனர். அக்கட்சியின் முன்னணியில் நின்றவருள் ஒருவர் எம். இரத்தினசாமி (1885–1977). கத்தோலிக்கர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், பொது ஆட்சியியலில் புலமை மிக்கவர், 1962 முதல் 1968 வரை மாநிலங்களவையில் அமர்ந்தவர். சிறிய அமைப்பால் ஆற்றக்கூடிய பணியைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று 1931இல் போப்பாண்டவர் பதினொன்றாம் பயஸ் விடுத்த சுற்றுமடல் வலியுறுத்தியது. குடும்பமும் ஊரும் செய்யத்தக்கதை அரசு செய்யவேண்டா என்னும் சுதந்திராக் கட்சியின் நோக்கு அதனோடு ஒத்திருந்தது. இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட செய்திகளில் உறுப்பினர் தத்தம் கருத்துப்படி நடக்கலாம் என்று அக்கட்சி தன் கொள்கை அறிக்கையிலேயே எழுதி வைத்தது. 1967இல் மக்களவையில் 44 இடங்களைப் பெற்ற அக்கட்சி, 1974இல் வேறு கட்சியோடு இணைந்து மறைந்தது.

ஆயினும் இக்கொள்கைக்கு வலிய மறுப்பும் உண்டு. மனிதனை ஒடுக்குவது அரசு ஒன்றே என்று கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டில் கோயில் வாயிலை அடைத்தது அரசன்று, சமுதாயம். அதனைத் திறந்தது 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம். தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 1955ஆம் ஆண்டுச் சட்டம். அரசு விலகி நின்றிருந்தால் எளியவனுக்கு விடுதலை வாய்த்திருக்குமா? அரசின் கை வலியவன் மீது விழும்போது, அஃது எளியவனுக்குத் துணையாகிறது. ஆகவே, அரசு சிறியதா பெரியதா என்பதினும், அது யாரைக் காக்கிறது என்பதே முதன்மையான வினா எனலாம்.

வாக்கை அறவுரையாகப் பயன்படுத்திய கிறித்தவத் தமிழரும் உளர். ஈழத்துத் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம், சைவர் மிகுந்த காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கினார். 1972ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதைக் காட்ட, அவ்வாண்டிலேயே தம் இருக்கையைத் துறந்தார். இடைத்தேர்தல் 1975 பிப்ரவரி வரை நடக்கவில்லை. நடந்தபோது பெருவாரியான வாக்குகளால் வென்றார். அங்கே வாக்காளர் அளித்தது ஓர் உறுப்பினருக்கான வாக்கன்று; அரசின் எல்லை பற்றிய தீர்ப்பு. அளித்தவர் சமயம் வேறு, பெற்றவர் சமயம் வேறு என்பதும் தடையாகவில்லை.

இனிச் சிங்கப்பூரைக் காண்போம். 1955 தேர்தலில் வாக்காளருள் ஏறத்தாழப் பாதிப் பேரே வாக்களித்தனர். 1959 முதல் வாக்களிப்பு கட்டாயமாயிற்று. தக்க காரணமின்றி வாக்களியாதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். மீண்டும் சேர 50 வெள்ளி செலுத்த வேண்டும். புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில் 2016 மே 7ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை நூற்றுக்கு 61.2 வாக்குகளும், சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சீ சூன் ஜுவான் 38.8 வாக்குகளும் பெற்றனர். 2020 பொதுத்தேர்தலில் அதே இருவர் மோதியபோது அவை 54.8, 45.2 என மாறின. 2025இல் அத்தொகுதி ஜூரோங் கிழக்கு–புக்கிட் பாத்தோக் குழுத்தொகுதியுள் கலந்தது. நான்காண்டுகளில் பல நூறு பேர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர் என்றால், கட்டாயத்தின் பேரில் சாவடிக்கு வந்தவர் எல்லாரும் எண்ணாமல் வாக்கிடுவதில்லை என்பது புலனாகும்.

அமெரிக்கத் தன்னுரிமையாளர் இச்சட்டத்தைக் குறை கூறக்கூடும். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துவது எதனை? சாவடிக்கு நடந்து வருவதையும் சீட்டைப் பெட்டியில் இடுவதையுமே. மறைப்பின் உள்ளே கை எங்கே குறியிடுகிறது என்பதை அது கேட்பதில்லை. குறியிடாத சீட்டும் செல்லாத வாக்காகுமேயன்றிக் குற்றமாகாது. எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிட்டு ஆறு திங்கள் காக்கப்பட்டு, பின்னர் அழிக்கப்படுகின்றன.

புக்கிட் பாத்தோக் குன்றின் வரலாறும் இங்குப் பொருந்தும். 1942இல் சப்பானியர், சிறைப்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டானியப் படைவீரரைக் கொண்டு தம் மாண்டோர்க்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினர். அதன் பின்னே நேச நாட்டு மாண்டோர்க்கென ஒரு மரச் சிலுவையும் நாட்ட இசைவு தந்தனர். இரண்டும் இன்று இல்லை. குன்றேறும் படிகளே எஞ்சின. அரசின் இசைவால் நின்ற சிலுவை, அவ்வரசோடு போயிற்று. மனச்சான்று அவ்வாறன்று, அது யார் இசைவாலும் நிற்பதில்லை.

வாக்களியாமை, சிறு தீமையைத் தேர்தல், கொள்கைக்கே வாக்களித்தல் ஆகிய மூன்றனுள் எதனை ஏற்பினும், எண்ணிப் பார்த்து ஏற்றவன் குடிமகன் ஆகிறான். எண்ணாமல் இட்ட வாக்கு, வலிந்து பெற்றதாயினும் விரும்பி அளித்ததாயினும், ஒரு தாளே.